சந்தனத்தின் மேல் குங்குமம்

இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் அந்த ஐந்து வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். அதை எழுதியதால் என் முத்திரையைப் பிடுங்கிக்கொண்டார்கள். எட்டு மாதம் பீங்கான் தகடு கழுவ வைத்தார்கள். சித்தூரில் எங்கள் சர்ச் சபையார்கூட, "உனக்கு எதுக்கும்மா இந்த வேல" என்று கேட்டார்கள். வேறு யாருடைய வேலையாம் அது? தரப் பரிசோதகர் என்று சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்தது என்னைத்தானே.

எண்பதுகளின் தொடக்கம். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் சாலையில் ஒரு சின்னத் தொழிற்கூடம். வெளியிலிருந்து பார்த்தால் அரிசி குடோன் என்றுதான் சொல்வீர்கள். உள்ளே நாங்கள் ராணுவ வயர்லெஸ் பெட்டிக்கென்றே தனியாக வரையப்பட்ட ஐ.சி. செய்துகொண்டிருந்தோம். கடையில் வாங்கும் ஐ.சி. ஊருக்கெல்லாம் பொது. எங்களுடையது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, அந்த ஒரு பெட்டிக்குத்தான் பொருந்தும். கட்டைவிரல் நகம் அளவுள்ள பீங்கான் தகட்டில் சில்லுகளை ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து, உலோக டப்பிக்குள் வைத்து, மூடி போட்டுச் சீல் வைப்போம். சீல் வைத்த பிறகு அதற்குள் காற்று போகக் கூடாது, ஈரம் போகக் கூடாது, ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. துகள் இருந்தால் வண்டி குலுங்கும்போது அது உருண்டு போய்க் கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். வயர்லெஸ் ஊமையாகிவிடும். எல்லையில் ஒருவன் கத்திக்கொண்டிருப்பான், இந்தப் பக்கம் கேட்காது.

நாங்கள் செய்துவிட்டோம் என்பதற்காக ராணுவம் வாங்கிவிடாது. இந்த இடத்தில் செய்யலாம் என்று முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குப் பெங்களூரிலிருந்து ஒரு அதிகாரி வருவார். பொருளை மட்டும் பார்க்க மாட்டார். எந்த இயந்திரம், எந்தப் பசை, எந்தக் கை, எந்தக் காகிதம், எல்லாவற்றையும் பார்ப்பார். ஒவ்வொரு வேலைக்கும் பழகிய ஆள் யார் என்று ஒரு பட்டியல் விண்ணப்பத்தோடு போயிருக்கும். அந்தப் பட்டியலில் ஒரு ஆளை மாற்றினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த விதியை எல்லோரும் படித்தோம். நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன்.

நான் டிப்ளமா படித்தவள். வாரம் முழுக்கத் திருப்பதியில் ஒரு அறையில் இருப்பேன், சனிக்கிழமை சாயங்காலம் பாகாலா வழியாகச் சித்தூருக்கு ரயிலில் போய் ஞாயிறு ஆராதனை முடித்து, திங்கட்கிழமை விடியற்காலை ரயிலில் திரும்புவேன். வேலையில் எனக்கென்று எண் போட்ட ஒரு முத்திரை இருந்தது. நான் அதைக் குத்தினால்தான் லாட், அதாவது சேர்த்துச் செய்த ஒரு தொகுதி, அடுத்த மேஜைக்குப் போகும். அந்த வயதில் அது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் தந்தது உண்மைதான்.

ஆரம்பத்திலேயே ஒரு சண்டை வந்தது. தூசி புகாத சுத்த அறைக்குள் பவுடர், பூ, பொட்டு எதுவும் கூடாது என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. பெண்கள் பூவைக் கழற்றினார்கள், பவுடரை விட்டார்கள். பொட்டை அழிக்க ஒருத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னால் நின்று பேசியவள் சீல் இயந்திரத்தில் உட்காருகிறவள். புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தினமும் ரயிலில் வந்து போவாள். அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் நாயுடுபேட்டைக்கும் தடாவுக்கும் நடுவே ரோட்டில்தான் இருப்பான்.

"வூட்டுக்காரரு ரோட்ல போய்க்கினு கீறாரு. நான் இங்க நெத்திய அழிச்சிக்கினு ஒக்காரணுமா? வேலய வுட்டாலும் வுடுவேன்கா, பொட்ட அழிக்க மாட்டேன்" என்றாள்.

பொட்டு வைக்காத கிறிஸ்தவப் பெண் நான். பொட்டு வைத்தவளை அழிக்கச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது பாருங்கள். நான் ஒரு வழி பண்ணினேன். துணித்தொப்பியைப் புருவம் வரைக்கும் இறக்கி, விளிம்பில் டேப் ஒட்டினால் பொட்டு உள்ளேயே இருந்துவிடும். மேனேஜர் சரி என்றார். விதிப் புத்தகத்தின் ஓரத்தில் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெலுங்குக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். அந்த இடத்தை எழுப்ப அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கெட்டவர் என்று அன்றைக்கும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் ஒப்புதல் ஒப்புதல் என்று அவருக்கு வேறு சிந்தனையே கிடையாது.

அந்த வருட ஆயுத பூஜை, ஒப்புதலுக்கான லாட்டைச் சீல் வைக்க வேண்டிய வாரத்தில் வந்தது. வழக்கமாகப் பூஜை வெளி வராந்தாவோடு முடிந்துவிடும். அந்த முறை அவருக்கு மனசு கேட்கவில்லை. முக்கியமான இயந்திரமே உள்ளேதானே இருக்கிறது. விதிப்படி கவுன் மாட்டிக்கொண்டார், விதிப்படி தொப்பி போட்டார், காற்று ஊதும் கூண்டில் நின்று விதிப்படி ஒரு சுற்றுச் சுற்றினார், கையில் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போனார். சீல் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, டப்பியின் மேல் இறங்கி ஏறும் இயந்திரக் கையில் மூன்று சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். வெளியே கண்ணாடி வழியாக நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விடுமுறை முடிந்து வந்த காலையில் நானும் புத்தூர்க்காரியும் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றோம். மூன்று பொட்டும் அப்படியே இருந்தன. அவள் கையில் ஸ்பிரிட் துணி இருந்தது. சுற்றி எல்லாம் துடைத்தாள், அந்த மூன்றை மட்டும் விட்டாள். பூஜைப் பொட்டை எந்தப் பெண் அழிப்பாள்? நான் துடைத்திருக்கலாம். கை போகவில்லை. கிறிஸ்தவச்சி சாமி குங்குமத்தைத் துடைத்தாள் என்று திருப்பதியில் ஒரு வாய் சொன்னால் போதும், அது சித்தூர் வரைக்கும் போகும். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தது அதுதான், அவர்கள் சாமி விஷயத்தில் கையை வைக்காதே, வாயையும் வைக்காதே.

அவள் பக்தியில் விட்டாள், நான் பயத்தில் விட்டேன். கிளீனிங் ரிஜிஸ்டரில் 'சுத்தம்' என்ற கட்டத்தில் என் முத்திரையைக் குத்தினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர், பேசினால் ஆங்கிலம். சீல் வைத்த டப்பிகளை ஒவ்வொன்றாகக் குலுக்குச் சோதனையில் வைத்தோம். அந்த இயந்திரம் டப்பியைப் பிடித்து ஆட்டும். உள்ளே ஏதாவது உருண்டால் அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும். முதல் சில டப்பிகள் அமைதியாகப் போயின. அடுத்ததில் டக் என்று ஒரு சத்தம். இன்னொன்றில் டக், டக். சாயங்காலத்துக்குள் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

சத்தம் வந்த டப்பிகளைத் திறக்கச் சொன்னார் அதிகாரி. மைக்ராஸ்கோப்பில் நான்தான் முதலில் பார்த்தேன். தங்கக் கம்பிகளுக்கு நடுவே ஒரு சிவப்புத் துகள்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. பிறகு அதே மூச்சில், "லேடீஸ் பொட்டு சார். சீல் பண்ற பொண்ணோட குங்குமம். நாளையே ஆளை மாத்திடறேன், யாரும் பொட்டு வெச்சிக்கினு உள்ள போகாம பண்ணிடறேன்" என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னார்.

"யூகம் வேண்டாம். காரணத்தைத் திங்கட்கிழமை எழுத்தில் கொடுங்கள்" என்றார் அதிகாரி. இரண்டு நாளும் திருமலையில் இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அறிக்கை எழுத வேண்டியவள் நான்.

மறுநாள் சனிக்கிழமை புத்தூர்க்காரியை உள்ளே விடவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"துன்னவே தோணல. நான் தொப்பியக்கூட ஏத்தலக்கா. டேப்பக்கூட பிரிக்கல. நீயே பார்த்துக்கினுதானே இருந்த" என்றாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இயந்திரத்தில் இருந்த மூன்று பொட்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பிப் போய் அந்தத் துகளை ஊசிமுனையால் புரட்டினேன். அடிப்பக்கம் மஞ்சள். மேலே குங்குமம், கீழே சந்தனம், நடுவில் கோடு போட்ட மாதிரி. எங்கள் பெண்கள் யாரும் சந்தனத்தின் மேல் குங்குமம் வைப்பதில்லை. வாசனை மெழுகைத் தடவி அதன் மேல்தான் வைப்பார்கள், வியர்வையில் கரையாது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்தால் போதாது, காகிதத்தில் நிற்க வேண்டும்.

அவளிடம் போனேன். "உன் நெத்தியிலேர்ந்து குண்டூசி முனை அளவு வேணும்" என்றேன்.

"அழிக்கணுமா?"

"அழிக்க வேணாம். ஓரத்துலேர்ந்து எடுத்துக்கறேன்."

முகத்தை நிமிர்த்தினாள். ஊசியால் பொட்டின் ஓரத்திலிருந்து ஒரு துளி எடுத்தேன். வட்டம் கெடவில்லை.

இரண்டையும் கண்ணாடிச் சில்லில் வைத்து ஹாட் பிளேட்டில் சூடாக்கினேன். அவள் நெற்றியிலிருந்து எடுத்தது உடனே இளகி, சிவப்பு எண்ணெயாகப் பரவியது. டப்பிக்குள்ளிருந்து எடுத்தது இளகவே இல்லை. ஒரு துகள் போதாமல் மற்ற டப்பிகளில் கிடைத்ததையும் சேர்த்து வைத்தேன். ஓரம் பழுப்பாகி, மெல்லிசாகச் சந்தன வாசனை வந்தது. ஆயுத பூஜை வாசனை. சீல் வைக்கும் பெட்டிக்குள் எப்போதும் உலர்ந்த நைட்ரஜன் ஓடும். அதில் அந்தச் சந்தனம் காய்ந்து வெடித்து, கை இறங்கும்போதெல்லாம் உதிர்ந்திருக்கிறது.

மேனேஜர் பின்னால் வந்து நின்றிருந்தார். அவருக்கும் வாசனை வந்தது. கதவைச் சாத்தினார்.

"சூடம்மா, இங்க பாரும்மா, நான் சொல்றத கேளு" என்றார், குரலைத் தாழ்த்தி. "நீ கிறிஸ்டியன். நீ போயி பூஜை குங்குமம்தான் தப்புன்னு எழுதினா இந்தத் திருப்பதியில யாரு ஒத்துப்பாங்க? மதத்தால எழுதினேன்னுதான் சொல்வாங்க. அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயாவது வேல பாத்துத் தரேன்."

"தப்பு அவளோடது இல்ல சார்."

"சரி. அப்போ அன்னிக்கி கிளீனிங் ரிஜிஸ்டர்ல குத்தினது யார் ஸ்டாம்ப்?"

அந்தக் கேள்வியைத்தான் காலையிலிருந்து நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. என் பொய்யை என் வாயில் பூட்டாகப் போடுகிறார் என்று கோபம். அதைச் செய்து கொடுத்தவளே நான்தான் என்று இன்னும் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற கம்பவுண்டர், ஊருக்கே நல்லவர்.

"நாம இங்க எல்லார்கூடயும் நல்லா இருந்துக்கினு கீறோம். நீ ஏன் இதுல போய் மாட்டற? தெரியலன்னு எழுதிடு" என்றார்.

"இப்பிடி நல்லா இருந்துக்கினுதான் நைனா நான் அந்தப் பொட்டத் துடைக்காம வுட்டேன். அதால ஒருத்திக்கு வேல போவுது."

அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் ஒருவர் செய்தித்தாளை எடுத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை ரயில் ஆடிய ஆட்டத்தில் எழுத முடியவில்லை. பாகாலாவில் எதிர் ரயிலுக்காக நெடுநேரம் நிறுத்தினான். மடியில் பையை வைத்து, அதன் மேல் கார்பன் தாள் வைத்து, இரண்டு படியாக எழுதினேன். முதல் வரியில் என்னை எழுதினேன். பூஜை விடுமுறை முடிந்த காலையில் சீல் இயந்திரத்தைச் சுத்தம் என்று முத்திரையிட்டது நான், அது பொய். அடுத்த வரியில், இயந்திரக் கையில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்து டப்பிக்குள் விழுந்திருக்கிறது. ஆபரேட்டரின் நெற்றிக் குங்குமம் அல்ல, சூடாக்கிப் பார்த்த கண்ணாடிச் சில்லுகளை இணைத்திருக்கிறேன். அன்றிலிருந்து சீல் வைத்த அத்தனையையும் கழிக்க வேண்டும். கடைசி வரி, சீல் ஆபரேட்டரை மாற்றினால் பட்டியல் மாறும், மாறினால் இந்த ஒப்புதல் வேலை முழுவதும் முதலிலிருந்து. யார் வைத்த சந்தனம் என்று எழுதவில்லை. அது கேட்கிறவர் கேட்கட்டும்.

ஒரு படியை மேனேஜர் மேஜையில் வைத்தேன். மற்றதைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். திருமலையில் மொட்டை போட்டிருந்தார். தலை முழுக்கச் சந்தனம், காய்ந்து மஞ்சளாக. இந்த மனிதரிடமா சந்தனத்தைப் பற்றிக் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்தேன். மேனேஜர் முகத்தில் இரண்டு நாளுக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியது.

கொடுத்தேன். நின்றபடியே படித்தார். கண்ணாடிச் சில்லுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வராந்தா ஓரத்துக் குழாய்க்குப் போனார். சோப்பு கேட்டார். குனிந்து, தன் தலையில் இருந்த சந்தனம் அத்தனையையும் தேய்த்துக் கழுவினார். துவட்டிக்கொண்டு வந்து, "உள்ளே போகலாம்" என்றார்.

இயந்திரத்தின் முன்னால் நின்று, "இதை யார் வைத்தது?" என்று கேட்டார்.

"நேனே, சார்" என்றார் மேனேஜர். நான்தான் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

"சீல் ஆபரேட்டர் எங்கே?"

கேட்டுக்கு வெளியே நின்றிருந்தவளை ஓடிப் போய்க் கூட்டி வந்தார்கள். கவுன் மாட்டி, தொப்பியைப் புருவம் வரை இறக்கி, டேப் ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதிகாரி அந்த டேப்பை உற்றுப் பார்த்தார். பட்டியலில் இருப்பவள் இவள்தான், இவளை மாற்றினால் நான் மறுபடி வரப் போவதில்லை என்று மேனேஜரிடம் சொன்னார். பிறகு அந்த மூன்று பொட்டையும் தன் எதிரிலேயே துடைக்கச் சொன்னார்.

ஸ்பிரிட் துணியை எடுக்க நான் கையை நீட்டினேன். இந்த முறை யார் என்ன சொன்னாலும் சரி என்றிருந்தது. எனக்கு முன்னால் அவள் எடுத்துவிட்டாள். இயந்திரத்தை ஒரு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், மூன்றையும் அழுத்தித் துடைத்தாள்.

பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மிஷினுக்கு இன்னாக்கா, புருசனா கீறான்" என்றாள்.

அந்த லாட் முழுவதையும் கழித்தார்கள். ஒப்புதல் எட்டு மாதம் தள்ளிப்போனது. பொய் முத்திரை குத்தியதற்காக என் முத்திரையை வாங்கிக்கொண்டார்கள். அதில் எனக்கு முறையீடு எதுவும் இல்லை, தகடு கழுவியதிலும் இல்லை. சில பெண்கள் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை, பூஜையைக் காட்டிக்கொடுத்தவள் என்று. அவர்களும் பொட்டோடுதான் உள்ளே போய் வந்தார்கள்.

அதிகாரி மறுபடி வருவதற்கு முந்தின வாரம் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். கையில் பழைய கிளீனிங் ரிஜிஸ்டர்.

"இந்த ஒரு பக்கம் போயிட்டா உன் ஸ்டாம்ப் திரும்பி வந்துடும்மா. ரிஜிஸ்டரையே புதுசா எழுதிடலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். அவர் உண்மையாகவே என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் முத்திரை ஊதா நிறத்தில் நன்றாகவே பதிந்திருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'துடைக்கவில்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அவர் கையில் கொடுத்தேன்.

"இது இருக்கட்டும் சார்" என்றேன்.

ஒப்புதல் கிடைத்தது. அந்தக் காகிதத்தில் சீல் வேலைக்கு எதிரே புத்தூர்க்காரியின் கையெழுத்து இருக்கிறது. என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. என் பெயர் வேண்டுமானால் அந்தப் பழைய ரிஜிஸ்டரில் பாருங்கள், சிவப்பு மசியில் இருக்கும்.